ஃபே மக்கள் வரும் ஃபேன்டஸி நாவல்கள்: எதிலிருந்து தொடங்கலாம்?

அஸ்தம்பட்டி நிலா

அனைவருக்கும் வணக்கம். மேலைநாட்டு நாட்டார் கதைகளில், குன்றுகளுக்கு அடியில் தங்களுக்கென்று ஓர் அரசும் அவையும் வைத்துக்கொண்டு மனிதரோடு பேரம் பேசுகிற ஃபே மக்களை மையமாகக் கொண்ட நாவல்களைப் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் கல்லூரித் தோழியர் எல்லோரும் சாரா ஜே. மாஸின் வரிசையில் மூழ்கியிருக்கிறார்கள். அவர்கள் வற்புறுத்தியதால் அதன் முதல் நூலான ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’ நாவலை நானும் வாசித்தேன். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த ஒரு மாய உயிர் எங்கள் வகுப்புப் பையன்களைப் போலவே கோபித்துக்கொண்டு, அவர்களைப் போலவே சமாதானமும் ஆவது எனக்கு ஒட்டவில்லை.

அழகும் அச்சமும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கிற கதைகள் வேண்டும். சிறகும் மந்திரக்கோலும் வைத்த படக்கதைத் தேவதைகள் வேண்டாம். காதல் இருக்கலாம், அது மட்டுமே கதையாக இருக்கக் கூடாது. ஆங்கிலம் தடையில்லாமல் வாசிப்பேன், பழைய நடை என்றால் சற்று மெதுவாகப் போவேன்.

காப்பித்தோட்டம்

நிலா அவர்களுக்கு ஏற்காட்டிலிருந்து வணக்கம். உங்களுக்கு ஒட்டாமல் போனதற்கு நான் நினைக்கும் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய கதைகளில் ஃபே மக்கள் நம்மிலிருந்து வேறுபடுவது அழகாலும் ஆயுளாலும் மட்டும் அன்று, அவர்களைக் கட்டிவைத்திருக்கும் விதிகளாலும்தான். கொடுத்த வாக்கை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றியாக வேண்டும், ஆனால் அந்த எழுத்துக்குள் எத்தனை வஞ்சகமும் செய்யலாம். அவர்கள் இடத்தில் ஒரு வாய் உண்டவர் ஊர் திரும்புவது அரிது. அங்கே ஓர் இரவு ஆடிவிட்டு வந்தால் இங்கே ஒரு தலைமுறை போயிருக்கும். இரும்பு அவர்களுக்கு ஆகாது. இந்த விதிகளெல்லாம் எல்லா வட்டாரக் கதைகளிலும் ஒன்றாக வருவதில்லை என்றாலும், ஏதோ சில விதிகள் இல்லாத கதை ஒன்றுகூட இல்லை. மாஸின் நாவலில் ஃபே மக்கள் தாராளமாகப் பொய் சொல்கிறார்கள், இரும்பும் அவர்களை ஒன்றும் செய்வதில்லை. ஆசிரியர் வேண்டுமென்றே எடுத்த முடிவு அது, அவருடைய உரிமையும்கூட. ஆனால் விதி போனால் அதனோடு அச்சமும் போய்விடுகிறது, பிறகு எஞ்சுவது கூரிய காது வைத்த மனிதர்கள்தாம்.

நீங்கள் கேட்பதற்கு நேர்விடை சுசானா கிளார்க்கின் ‘ஜொனாதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நோரல்’. 2004-இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு அறிபுனைவுக்கும் ஃபேன்டஸிக்கும் தரப்படும் ஹ்யூகோ விருது பெற்றது. நெப்போலியன் போர்க் காலத்து இங்கிலாந்தில் மந்திரக் கலையை மீட்டெடுக்க முனையும் இரு மந்திரவாதிகளின் கதை. அவர்களில் மூத்தவரான நோரல், ஓர் அமைச்சரின் தயவைப் பெறுவதற்காக, அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்து இறந்துபோன பெண்ணை உயிர்ப்பிக்க ஒரு ஃபே கனவானை வரவழைக்கிறார். அந்தக் கனவான் கேட்கும் விலை, அவள் வாழ்நாளில் பாதி. நோரல் அதைக் கடைசிப் பாதி என்று கணக்கிட்டுச் சரி என்கிறார். கனவானோ ஒவ்வொரு நாளிலும் பாதியை, அதாவது இரவுகளை எடுத்துக்கொள்கிறான். அவள் இரவுதோறும் அவன் மாளிகையில் விடியும்வரை ஆட வேண்டும். பகலில் அதை யாரிடமாவது சொல்ல வாயெடுத்தால் தொடர்பே இல்லாத ஏதோ ஒரு பழங்கதை வெளிவரும். கேட்பவர்கள் அவளுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்கிறார்கள். பேரத்தில் ஒரு சொல்கூட மீறப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். இதில் இன்னும் நுட்பமானது, அந்தக் கனவான் தன்னை மிகுந்த அன்பும் கொடையுள்ளமும் உடையவனாகவே மனதார நம்புகிறான் என்பது. வில்லன் என்று ஒதுக்கிவிட முடியாத அந்தக் குணம்தான் நாவலின் உயிர். ஏறக்குறைய 800 பக்கம், தொடக்கம் மெல்லத்தான் நகரும். அந்தப் பெண் உயிர்த்தெழும் இடம்வரை பொறுத்துக்கொண்டால் பிறகு கீழே வைக்க மாட்டீர்கள்.

அவ்வளவு பெரிய நூலுக்கு இப்போது நேரமில்லை என்றால் நவோமி நோவிக்கின் ‘ஸ்பின்னிங் சில்வர்’ (2018). வட்டிக்குக் கொடுத்துவிட்டு வசூலிக்கத் துணிவில்லாத தகப்பனின் மகளான மிர்யெம், குடும்பம் பட்டினி கிடப்பதைப் பொறுக்காமல் தானே கடன் கேட்டுப் படியேறுகிறாள். சேலத்தின் வணிகப் பகுதியான செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வளர்ந்த எவருக்கும் அவளை உடனே பிடித்துவிடும். வெள்ளியைப் பொன்னாக்குவேன் என்று அவள் பெருமையாகச் சொன்னது குளிர்காலத்தின் அரசனான ஸ்டாரிக் மன்னன் காதில் விழுந்துவிடுகிறது. அவன் தன் நாட்டு வெள்ளியைக் கொண்டுவந்து, இதைப் பொன்னாக்கு என்கிறான். அவள் அதை மோதிரமாகவும் கழுத்தணியாகவும் மகுடமாகவும் செய்வித்து விற்றுப் பொன் ஈட்டுகிறாள். கொலுசுப் பட்டறைகளின் ஊரில் இருந்துகொண்டு இந்தப் பகுதியை வாசிப்பது தனி இன்பம். ஸ்டாரிக் இனத்தாரிடம் இலவசம் என்று ஒன்று கிடையாது. கொடுத்ததற்கு ஈடு கொடுத்தாக வேண்டும், பெற்றதற்கு ஈடு பெற்றாக வேண்டும். கணக்குத் தெரிந்த பெண் ஒருத்தி அந்த விதியைக் கொண்டே அவர்களை மடக்குவதுதான் கதை.

குகை நெசவாளர் மகன்

காப்பித்தோட்டம் ஐயா சொன்ன இரு நூல்களிலும் எனக்கு மறுப்பில்லை, அவர் வைத்த அளவுகோலில்தான் மறுப்பு. விதி, பேரம், வாக்கு என்று இக்கால நாவல்கள் அடுக்க அடுக்க, ஃபே மக்கள் மெல்ல மெல்லப் பத்திரப்பதிவு அலுவலக ஆசாமிகளாகி வருகிறார்கள். வாசகரும் ஓட்டை எங்கே என்று தேடும் வழக்கறிஞராகிவிடுகிறார். விதியைத் தெரிந்துகொண்டால் தப்பிவிடலாம் என்ற நம்பிக்கை வந்த பிறகு அச்சம் எங்கிருந்து வரும்? நிலா கேட்ட அச்சம் அதற்கு அப்பால் இருப்பது. அதற்கு நூறு ஆண்டு பின்னோக்கிப் போக வேண்டும்.

டன்சனி பிரபுவின் ‘தி கிங் ஆஃப் எல்ஃப்லேண்ட்ஸ் டாட்டர்’ 1924-இல் வந்தது. எர்ல் என்னும் சிற்றூரின் பெரியவர்கள் கூடி, எங்களை மாயம் தெரிந்த ஒருவர் ஆள வேண்டும் என்று தலைவனிடம் கேட்கிறார்கள். தலைவன் தன் மகன் ஆல்வெரிக்கை எல்ஃப் நாட்டுக்கு (ஃபே மக்களுக்கு எல்ஃப் என்றும் பெயர்) அனுப்பி, அந்த அரசனின் மகள் லிராசெலை மணந்து வரச் செய்கிறான். அவளால் இந்த மண்ணின் வழக்கங்களைக் கற்றுக்கொள்ள இயலவில்லை. எதை வணங்க வேண்டும், எதை வணங்கக் கூடாது என்று கணவன் கடிந்துகொள்வதன் பொருளே அவளுக்கு எட்டவில்லை. அவள் தந்தை நாட்டுக்குத் திரும்பிய பின் ஆல்வெரிக் அவளைத் தேடிப் புறப்படுகிறான். எல்ஃப் நாடோ கடல்நீர் வற்றுவதைப் போல எல்லையிலிருந்து பின்வாங்கிக்கொண்டே போகிறது. அவன் ஆண்டுக்கணக்கில் வெறும் கல்லும் முள்ளும் கிடக்கும் நிலத்தில் அலைகிறான். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, பேரமும் இல்லை. இரண்டு உலகங்கள் ஒன்றையொன்று விரும்பியும் ஒட்ட முடியாமல் போகின்றன, அவ்வளவுதான். நடை பழையது, வாக்கியங்கள் பாட்டைப் போல நீளும். ஆகவே ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் போதும்.

அதற்கு இரண்டாண்டு கழித்து, 1926-இல், ஹோப் மிர்லீஸ் எழுதிய ‘லட்-இன்-தி-மிஸ்ட்’ வந்தது. என்னைக் கேட்டால் இந்த வகையில் எழுதப்பட்டவற்றில் இதுவே தலைசிறந்தது. லட் என்பது இரு ஆறுகள் கூடும் இடத்தில் உள்ள வணிக நகரம். இரு ஆறுகளில் சிறியது ஃபே நாட்டில் பிறந்து வருவது. வணிகர்கள் கையில் ஆட்சி வந்தபின் ஃபே நாட்டைப் பற்றிய பேச்சே அங்கே அநாகரிகமாகிவிட்டது. ஆனால் அங்கிருந்து கடத்திவரப்படும் பழங்களை யாரோ தின்றுகொண்டேதான் இருக்கிறார்கள், தின்றவர்கள் ஆடுகிறார்கள், பிதற்றுகிறார்கள், ஓடிப்போகிறார்கள். அந்தப் பழத்தின் பெயரைச் சட்டப் புத்தகத்தில் எழுதுவதுகூடக் கேவலம் என்பதால், சட்டத்தின் கண்ணில் அது கடத்தல் பட்டுத்துணி என்று வைத்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்யும் தெருவில் பிறந்தவனுக்கு அந்தப் பகுதியை வாசிக்கும்போது சிரிப்பை அடக்க முடியாது. ஊர்த்தலைவர் நதானியேல் சான்டிக்லியர், காரணம் தெரியாத ஒரு கலக்கத்தை உள்ளே மறைத்துக்கொண்டு வெளியே கலகலப்பாக இருக்கும் நடுவயதுக்காரர். அவருடைய மகனே அந்தப் பழத்தைத் தின்றுவிடுகிறான். துப்பறியும் கதையாகவும் ஊர் அரசியலாகவும் நகைச்சுவையாகவும் ஓடிக்கொண்டே, நாம் ஒழுங்காக வாழ்வதற்காக எதை ஊருக்கு வெளியே நிறுத்திவைத்திருக்கிறோம் என்ற கேள்வியை இந்த நாவல் விடாமல் கேட்கிறது. அளவிலும் சிறியது.

ஃபேர்லாண்ட்ஸ் பூனை

(சேலத்து ஃபேர்லாண்ட்ஸில் இருந்துகொண்டு ஃபேரி கதை பேசுவதற்கு எனக்குத்தான் முதல் உரிமை என்பதை எல்லோரும் ஏற்க வேண்டும்.)

மாஸின் வாசகர்களைக் கூரிய காது வைத்த மனிதர்களின் ரசிகர்கள் என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. அந்த வரிசை அடிப்படையில் வயது வந்தோருக்கான காதல் கதை. காட்டில் வேட்டையாடிக் குடும்பத்தைக் காப்பாற்றும் ஓர் ஏழைப் பெண் ஓநாய் ஒன்றைக் கொன்றதற்கு ஈடாக மாய நாட்டுக்குப் போக நேர்வதில் தொடங்கி, தனக்கு எது வேண்டும் என்று அவள் கண்டுகொள்வதுவரை செல்கிறது. அதை எதிர்பார்த்து எடுத்தால் ஏமாற்றம் இல்லை. நாட்டார் கதையின் அச்சத்தை எதிர்பார்த்து எடுத்தால் ஏமாற்றம்தான். குறை கூறுவதென்றால், அட்டையில் ஃபே என்று போட்டிருப்பதால் எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் வைக்கும் கடைக்காரர்களைக் கூறலாம்.

காதலும் விதியும் சேர்ந்தே வேண்டும் என்பவர்களுக்கு ஹெதர் ஃபாசெட்டின் ‘எமிலி வைல்ட்ஸ் என்சைக்ளோபீடியா ஆஃப் ஃபேரீஸ்’ (2023). 1909-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியை ஒருவர், ஃபே மக்களைப் பற்றிய கலைக்களஞ்சியம் ஒன்றை எழுதுவதற்காகப் பனி மூடிய வடநாட்டுச் சிற்றூரில் தங்கி எழுதும் நாட்குறிப்பு. ஃபே மக்களோடு எப்படிப் பேச வேண்டும் என்பது அவருக்கு அத்துபடி, ஊர்க்காரர்களோடு எப்படிப் பேச வேண்டும் என்பதுதான் தெரியாது. இலகுவான வாசிப்பு. மனிதக் குழந்தையைக் கொண்டுபோய்விட்டு ஃபே மக்கள் அதனிடத்தில் விட்டுச்செல்லும், மாற்றி வைக்கப்பட்ட குழந்தை வரும் பகுதியில் மட்டும் முதுகு சில்லிட்டுப் போகும்.

சூரமங்கலத்து அம்மா

இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்பில் யாரோ ஹோலி பிளாக் என்பவரின் ‘தி க்ரூயல் பிரின்ஸ்’ நூலைக் கொடுத்திருக்கிறார்கள். அது அவள் வயதுக்கு ஏற்றதா? இல்லையென்றால் வேறு எதைக் கொடுக்கலாம்?

கஞ்சமலை

அம்மா, ‘தி க்ரூயல் பிரின்ஸ்’ (2018) நல்ல நாவல்தான், ஆனால் இன்னும் இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்துக் கொடுப்பது நல்லது. முதல் பக்கங்களிலேயே ஒரு சிறுமியின் கண்ணெதிரே அவளுடைய தாயும் தந்தையும் கொல்லப்படுகிறார்கள். கொன்றவனே அந்தப் பிள்ளைகளை ஃபே நாட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்கிறான். அங்கே மனிதப் பிறவி என்பதற்காக அவள் படும் கொடுமைகள் கடுமையாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஃபே மக்கள் யாராலும் பொய் சொல்ல முடியாது, மனிதப் பெண்ணான ஜூட்டால் முடியும். தன் குறை என்று எல்லோரும் ஏளனம் செய்த அதையே அவள் ஆயுதமாக்கிக்கொள்வது அருமையான அமைப்பு. அதை ரசிக்கக் கொஞ்சம் வளர்ந்திருக்க வேண்டும்.

அதுவரை, அதே ஹோலி பிளாக் ஓவியர் டோனி டிடெர்லிஸியோடு சேர்ந்து உருவாக்கிய ‘தி ஸ்பைடர்விக் கிரானிக்கிள்ஸ்’ இருக்கிறது. 2003-இல் வரத் தொடங்கிய ஐந்து சிறு நூல்கள், பக்கத்துக்குப் பக்கம் கோட்டோவியம். ஆனால் எட்டாம் வகுப்புக்கு அது சற்று எளிதாக இருக்கலாம். எனவே என் முதல் பரிந்துரை டெர்ரி பிராட்செட்டின் ‘தி வீ ஃப்ரீ மென்’ (2003). ஆட்டுப்பட்டிக் குடும்பத்தில் பிறந்த ஒன்பது வயது டிஃபனி, ஃபே அரசி தூக்கிக்கொண்டு போன தன் தம்பியை மீட்கப் போகிறாள். கையில் அவள் எடுத்துக்கொள்ளும் ஆயுதம் இரும்பு வாணலி. தம்பியின் மீது அவளுக்கு அப்படியொன்றும் பாசம் பொங்குவதில்லை. அவன் எப்போதும் மிட்டாய் பிசுபிசுப்போடு அழுதுகொண்டிருப்பவன். இருந்தாலும் அவன் என் தம்பி, அவனை எடுத்துக்கொள்ள உனக்கு உரிமையில்லை என்று போகிறாள். அந்தக் கறார்த்தனத்துக்காகவே நாவலை எத்தனை முறையும் வாசிக்கலாம். அரசியின் நாட்டில் கனவு நெய்யும் பிராணிகள் இருக்கின்றன. அவை காட்டும் கனவுக்குள் எதையாவது தின்றுவிட்டால் வெளியே வர முடியாது. சிரித்துக்கொண்டே போகும்போது திடீரென்று பயம் பிடிக்கும் இடங்கள் அவை.

நிலா அவர்களுக்கும் பிராட்செட்டில் ஒன்று உண்டு. ‘லார்ட்ஸ் அண்ட் லேடீஸ்’ (1992) என்ற நாவலில், மலைமேல் வட்டமாக நிற்கும் கற்கள் எல்ஃப் இனத்தாரை இந்த உலகுக்குள் வரவிடாமல் தடுத்துவைத்திருக்கின்றன. காரணம், அவை காந்தத் தன்மையுள்ள இரும்புக் கற்கள். எல்ஃப் இனத்தார் காந்தப் புலனால் திசையறிபவர்கள், இரும்பு அருகில் வந்தால் அவர்களுக்குக் கண் கட்டிவிடும். இதை வாசித்துவிட்டு நிமிர்ந்தால் எங்கள் ஊருக்கு எதிரே கஞ்சமலை நிற்கிறது. அதன் தாதும் மாக்னடைட்டு என்னும் காந்த இரும்புத் தாதுதான். 1830-களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்குவதற்குச் சேலத்துத் தாதுவைத்தான் கொண்டுபோனார். ஆகவே சேலத்துக்குள் எந்த எல்ஃபும் வர வாய்ப்பில்லை என்று நம்பலாம். மலையடிவார உருக்காலை செய்யும் எவர்சில்வருக்கு அவர்கள் பயப்படுவார்களா என்பதை மட்டும் பிராட்செட் எழுதிவைக்கவில்லை.

ஓரியின் வில்

இழையை முழுதும் வாசித்தேன். ஒன்று கேட்கிறேன், வருத்தப்பட வேண்டாம். சேர்வராயன் மலையில் ஏறினால் தெற்கே கொல்லிமலை. அந்த மலையின் பாவையை நற்றிணையும் குறுந்தொகையும் பாடியிருக்கின்றன. காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், நிலமே அதிர்ந்தாலும் அழியாத அழகுடையவள் அவள். திருமுருகாற்றுப்படையில் சூரரமகளிர் ஆடும் சோலை வருகிறது. ஐங்குறுநூற்றில் வரையரமகளிர் வருகிறார்கள். மலையில் வாழ்வோர், பேரழகியர், கண்டவரை வருத்துவோர். அழகும் அச்சமும் கலந்த கதை வேண்டும் என்று கேட்ட பெண்ணுக்கு இங்கிலாந்தையும் அயர்லாந்தையும் காட்டிக்கொண்டிருக்கிறோமே, இது என்ன முறை?

காப்பித்தோட்டம்

ஓரியின் வில் அவர்களே, வருத்தம் ஏன்? நீங்கள் சொன்ன பெயர்களெல்லாம் இந்த இழைக்கு உரியவைதாம். எங்கள் தோட்டத்து ஓடைக்கரையிலும் கன்னிமார் கற்கள் இருக்கின்றன, உச்சிவேளையில் அந்தப் பக்கம் தனியே போகாதே என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். ஆனால் நிலா கேட்டது நாவல். சங்கப் பாடல்களில் சூரரமகளிர் நாலைந்து அடிகளில் வந்து மறைந்துவிடுகிறார்கள். அவர்களை வைத்து ஐந்நூறு பக்கத்துக்கு ஓர் உலகத்தை யாராவது எழுதியிருந்தால் முதல் ஆளாக நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். சிறுகதை என்றால் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ இருக்கிறது. பிச்சைக்காரியாக வாசலில் வந்து நின்று, வேலைக்காரியாக வீட்டுக்குள் நுழையும் அந்தப் பெண் யார் என்று கடைசிவரை கதை முடிச்சவிழ்ப்பதில்லை. வீட்டுக்குள் அழைத்துக்கொண்டால்தான் உள்ளே வர முடியும் என்ற பழைய அச்சம் அங்கேயும் இருக்கிறது. அதே ஆசிரியரின் ‘கபாடபுரம்’ கதையையும் சேர்த்து வாசிக்கலாம்.

இரண்டாம் அக்கிரகாரம்

நமது, அவர்களது என்று பிரிக்கும் முன் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனளிக்கும். வேல்ஸ் நாட்டில் ஃபேன் ஃபாக் ஏரியைப் பற்றி ஒரு கதை உண்டு. ஏரியிலிருந்து எழுந்துவந்த பெண் ஓர் உழவர் வீட்டு இளைஞனை மணக்கிறாள். காரணமில்லாமல் மூன்று முறை அடித்தால் போய்விடுவேன் என்பது நிபந்தனை. அவன் விளையாட்டாகத் தட்டியதும் கணக்கில் சேர்ந்து, மூன்றாவது அடியோடு அவள் தான் கொண்டுவந்த மாடுகன்றுகளையெல்லாம் அழைத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கிவிடுகிறாள். என்ன செய்தாலும் ஏனென்று கேட்கக் கூடாது என்ற நிபந்தனையோடு சந்தனுவை மணந்து, அவன் கேட்ட அன்றே பிரிந்துபோன கங்கையின் கதை நமக்குத் தெரியும். புரூரவனைப் பிரிந்த ஊர்வசிக்கும் நிபந்தனைகள் இருந்தன. காலம் தப்புவதும் அப்படியே. அயர்லாந்துப் பழங்கதை வீரன் ஓஷீன், ஃபே மக்களின் இளமை நாட்டிலிருந்து திரும்பியபோது இங்கே முந்நூறு ஆண்டுகள் போயிருந்தன. மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்கப் பிரமலோகம் போன ககுத்மி அரசன், ஒரு பாட்டு முடியும்வரை காத்திருந்து திரும்பியபோது யுகங்களே போயிருந்தன என்று பாகவதம் சொல்கிறது. பிறகு பலராமனுக்கு அவளை மணமுடித்தார்கள். கறிக்குழம்பை இரவில் எடுத்துப்போகும்போது கரித்துண்டும் இரும்பாணியும் வைத்து அனுப்புகிற பாட்டிகளுக்கு, தொட்டிலுக்குமேல் இரும்புக் கத்தரிக்கோலைத் தொங்கவிட்ட ஸ்காட்லாந்துப் பாட்டிகளை அறிமுகம் செய்துவைக்கவே தேவையில்லை. ஆகவே இந்த நாவல்களை அந்நியம் என்று நான் கருதுவதில்லை.

ஆனால் நாவல்களுக்கு முன்பு, அல்லது அவற்றோடு, மூலங்களையும் கொஞ்சம் வாசிக்க வேண்டும் என்பேன். அபர்ஃபாயில் என்ற ஸ்காட்லாந்துப் பங்கின் போதகரான ராபர்ட் கிர்க், 1690-களின் தொடக்கத்தில், ஃபே மக்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன உண்கிறார்கள் என்று ஒரு நூலே எழுதிவைத்தார். நம்பாத ஒருவரின் கேலியாக அல்லாமல், அவர்கள் இருப்பதை நிறுவ விரும்பிய ஒரு கிறித்தவப் போதகரின் கையால் எழுதப்பட்டது என்பதுதான் அதன் சிறப்பு. அவர் 1692-இல் இறந்தார். இறக்கவில்லை, குன்றுக்குள் கொண்டுபோகப்பட்டார் என்று ஊரார் சொன்னார்கள். நூல் அச்சேறியது 1815-இல். ஐரிஷ் கவிஞர் யேட்ஸ் 1888-இல் தொகுத்த ஐரிஷ் நாட்டார் கதைகளும், ஐயம் வரும்போதெல்லாம் புரட்டிப் பார்க்கக் கேத்தரின் பிரிக்ஸ் 1976-இல் வெளியிட்ட அகராதியும் உண்டு. கதைப்பாடல்களில் ‘தாம் லின்’ ஒன்றை அவசியம் வாசியுங்கள். ஃபே அரசியின் ஊர்வலத்திலிருந்து தன் காதலனை இழுத்துப் பிடித்துக்கொண்ட ஜேனட், அவன் பாம்பாகவும் பழுக்கக் காய்ந்த இரும்பாகவும் உருமாறும்போதும் கையை விடுவதில்லை. இதே கதைப்பாடல் மரபிலிருந்து எழுந்த நாவல் எலன் குஷ்னரின் ‘தாமஸ் தி ரைமர்’ (1990). ஏழாண்டு ஃபே அரசியோடு வாழ்ந்து, பொய் சொல்ல முடியாத நாவோடு ஊர் திரும்பும் பாணனின் கதையை நால்வர் வாயால் சொல்கிறது. அரண்மனைகளில் புகழ்ந்து பாடிப் பிழைத்தவனுக்குப் பொய் சொல்ல முடியாமற்போவது வரமா என்று எண்ணிப்பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது புனைவு அன்று. 1895 மார்ச்சில் அயர்லாந்தின் டிப்பரேரி வட்டாரத்தில் பிரிட்ஜெட் கிளியரி என்ற 26 வயதுப் பெண் நோயுற்றுக் கிடந்தாள். தன் மனைவியை ஃபே மக்கள் கொண்டுபோய்விட்டு, அவளைப் போன்ற வேறொன்றை விட்டுச்சென்றுவிட்டார்கள் என்று சொல்லி அவள் கணவன் அவளைத் தீக்கிரையாக்கினான். உறவினர்களும் அந்த வீட்டில் இருந்தார்கள். உண்மையான மனைவி வெள்ளைக் குதிரையில் வருவாள் என்று சொல்லி அவன், ஃபே மக்கள் வாழ்வதாக நம்பப்பட்ட பழங்கோட்டை மேட்டருகே காத்திருந்தான். நீதிமன்றம் அவனைச் சிறைக்கு அனுப்பியது. ஏஞ்சலா பர்க் 1999-இல் எழுதிய ‘தி பர்னிங் ஆஃப் பிரிட்ஜெட் கிளியரி’ இதை ஆழமாக ஆராய்கிறது. அந்தப் பெண் தையல் வேலை செய்து தானே சம்பாதித்தவள், ஊர்ப் பெண்களைவிட நன்றாக உடுத்தியவள், பிள்ளை இல்லாதவள். எத்தகைய பெண்ணை “இவள் அவள் இல்லை” என்று சொல்ல ஒரு குடும்பத்துக்கு எளிதாக இருந்தது என்பதை நூலாசிரியர் காட்டுகிறார். பேயோட்டுகிறோம் என்று பெண்களை அடிக்கும் செய்திகளை நாளிதழில் வாசிக்கிற நமக்கு அது தொலைவான செய்தியாகத் தோன்றாது. மாற்றி வைக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி நாவல்களில் வாசித்து ரசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வந்துவிடும்.

குகை நெசவாளர் மகன்

இரண்டாம் அக்கிரகாரம் அவர்களின் கடைசிப் பத்தி, காப்பித்தோட்டம் ஐயாவின் அளவுகோலை நோக்கி என்னை ஓர் அடி நகர்த்துகிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். விதிகள் என்று நாம் சொல்பவை ஒரு காலத்தில் யாரோ உயிரச்சத்தோடு கைக்கொண்டவை. நாவலாசிரியர் அதை நினைவில் வைத்து எழுதினால் விதியும் அச்சம் தரும். கிளார்க் அதை நினைவில் வைத்திருக்கிறார். இவருக்குப் பின் வந்த பலர் விதிகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் மிர்லீஸுக்குக் கொடுத்த முதலிடத்தை நான் மாற்றப்போவதில்லை.

அஸ்தம்பட்டி நிலா

எல்லோருக்கும் நன்றி. (நன்றி சொன்னால் ஃபே மக்களுக்குக் கடன்பட்டதாகும் என்று எங்கோ வாசித்தேன், இங்கே அந்த ஆபத்து இல்லை என்று நம்புகிறேன்.) மிர்யெமின் கதை என்னை முதலில் இழுக்கிறது, ஆகவே ‘ஸ்பின்னிங் சில்வர்’, பிறகு ‘லட்-இன்-தி-மிஸ்ட்’, தேர்வு முடிந்த விடுமுறையில் கிளார்க் என்று வைத்துக்கொள்கிறேன். கிர்க்கின் நூலையும் ‘தாம் லின்’ பாடலையும் காப்புரிமை காலாவதியானவை என்பதால் இணையத்திலேயே எடுத்துவிட்டேன். அண்ணன் ஒருவர் கிளார்க்கின் நாவலை மின்நூலாக வைத்திருக்கிறார், கைப்பேசியிலேயே வாசித்துவிடலாமா?

காப்பித்தோட்டம்

முடிந்தால் அச்சுநூலாக வாங்குங்கள். அந்த நாவலில் அடிக்குறிப்புகள் ஏராளம், சில குறிப்புகள் பல பக்கங்களுக்கு ஓடும் தனிக்கதைகள். ஃபே நாட்டின் பழைய வரலாற்றில் பெரும்பகுதி அந்தக் குறிப்புகளுக்குள்தான் இருக்கிறது. சிறு திரையில் முன்னும் பின்னும் போய்வருவதில் சலித்துப்போய் அவற்றைத் தாண்டிவிடுவீர்கள். விலை அதிகம் என்றால் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், இல்லையெனில் புத்தகத் திருவிழாவில் ஆங்கில நூல்களைக் கழிவு விலையில் குவித்திருக்கும் கடைகளில் தேடுங்கள். அதன் பிறகும் கிளார்க் வேண்டும் என்றால், அதே உலகத்தில் நிகழும் சிறுகதைகளாக ‘தி லேடீஸ் ஆஃப் கிரேஸ் அட்யூ’ (2006) இருக்கிறது. நாவலின் பருமன் மலைப்பைத் தந்தால் அதிலிருந்தும் தொடங்கலாம், முன்கதை தெரிந்திருக்க வேண்டியதில்லை.